அப்பா விடும் இரண்டு விநாடி

மதியம் ஒரு மணிக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும். மணி பன்னிரண்டே கால். ஏழாவது முறையாக அப்பா அதே இடத்தில் நின்றுவிட்டார்.

"என் பொண்ணுக்குக் கோவமே வராதுங்க. வந்தா போவாது, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு, வாயை லேசாகத் திறந்தபடி இரண்டு விநாடி. எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பாவுக்குச் சுரங்கத்தில், நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. டவுன்ஷிப்பில் யார் நாடகம் போட்டாலும் சிரிப்பு வேஷம் அவருக்குத்தான். மேடையில் அவர் விடும் அந்த இரண்டு விநாடியில் அரங்கமே சிரித்து முடிக்கும். அடங்குகிற நேரம் பார்த்து அடுத்த வசனத்தைப் போடுவார். சினிமாவில் அவரைக் கெடுத்ததும் அதே இரண்டு விநாடிதான். முதல் படத்தில் "வசனம் மறந்துடுச்சா சார்?" என்று கேட்டு, வசனத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதில் அவருடைய முதுகு மட்டும் வருகிறது. குடும்பத்தோடு பண்ருட்டி வரை போய் அந்த முதுகைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இந்த மூன்றாவது படத்துக்கு அவரைக் கேட்காமல் போட்டோ அனுப்பியது நான். பெண்ணின் அப்பா வேஷம். பெண் பார்க்கும் காட்சி முழுக்க அவர்தான் பேசுகிறார். அதை நடித்து வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"இதுவும் போச்சுன்னா வுட்டுடறேம்மா. ஸ்டேஜும் வேணாம்" என்று காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

எட்டாவது முறை, அந்த இடத்தில் நானே சிரித்துப் பார்த்தேன். வீடியோவில் அவர் குரலைவிட என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. ஒன்பதாவது முறை, "நிக்கவே நிக்காதீங்கப்பா" என்றேன். கடகடவென்று ஒப்பித்தார்.

"பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரு கூவுற மாதிரி இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். மணி பன்னிரண்டு நாற்பது.

அப்போதுதான் வெளியே பைக் சத்தம் கேட்டது. அப்பாவோடு ஒரே பெல்ட்டில் வேலை பார்க்கும் மாமா, செகண்ட் ஷிஃப்டுக்கு அவரைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"என்னய்யா, மாப்ள அலங்காரம் இன்னும் முடியலியா?"

"பத்து நிமிஷம் மாமா. சத்தம் போடாம என் பின்னால நில்லுங்க" என்று கெஞ்சினேன். "கடைசியா ஒரு தடவைப்பா."

பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த வசனம் வந்தது. அப்பா பார்வையைப் போனுக்குச் சற்று மேலே தூக்கினார், கண்ணாலேயே எதையோ வாங்கிக்கொண்டார், அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அதற்கடுத்ததும் அப்படியே. கடைசி வரை நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்து நின்றார். தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர், ஆனால் சத்தமே இல்லை.

"எப்படி மாமா சத்தமே வராம சிரிக்கறீங்க?"

"பெல்ட் ஓடிகினு இருந்தா பக்கத்துல நிக்கறவன் கத்தினாலே கேக்காதும்மா. அங்க எவன் சத்தமா சிரிப்பான்? உங்கப்பன் எங்க மூஞ்சியப் பாத்துதான் அடுத்த ஜோக்கு வுடுவான்."

நடிப்பைப் பற்றி எத்தனையோ வீடியோ பார்த்தவள் நான். அப்பா வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. "போச்சா?" என்றுகூடக் கேட்காமல் அப்பா பைக்கில் ஏறிவிட்டார். அன்று முழுக்க நான் போனைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலை உதவி இயக்குநர் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினேன்.

"உங்களத்தான் முடிவு பண்ணியிருக்கோம் சார். ரெண்டு நாள் ஷூட்டிங். கேமராவுக்கு மேல யாரையோ பார்த்துப் பேசுனீங்கல்ல, அந்தப் பார்வை அப்படியே வேணும்னு டைரக்டர் சொல்றார்."

"அந்த ஆளு இருக்காருங்க. கூட்டிகினு வரேன்" என்றார் அப்பா.

போனை வைத்த கையோடு மாமா வீட்டுக்குப் போனோம்.

"இருக்கறதே மூணு நாள் லீவுய்யா. மச்சினிச்சி கல்யாணத்துக்கு வச்சிருக்கேன்."

"ரெண்டு நாள்தான்."

"வூட்ல என்னன்னு சொல்றது? சிரிக்கப் போறேன்னா?"

அப்பா வாயை லேசாகத் திறந்தபடி இரண்டு விநாடி விட்டார். மாமா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் லீவு பாரத்தை எடுத்துவந்து நிரப்ப ஆரம்பித்தார். 'காரணம்' என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.