மஞ்சள் கட்டத்தைத் தொடாதவள்

என் நாத்தனாருக்குப் படிக்கத் தெரியும். அதை மறைத்துத்தான் என்னோடு அந்த வேலையில் சேர்ந்தாள். சுவர் முழுக்கத் தட்டுத் தட்டாக நானூறு கைபேசிகள். நாங்கள் இருபது பெண்கள், ஆளுக்கு இருபது. ஒரு பெரிய செய்தித் தளத்தைத் திறந்து, அதில் வரும் விளம்பரங்களை விரலால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். யாரோ ஆசைப்பட்டுத் தொட்டதாகக் கணக்காகி, தளத்துக்குக் காசு சேரும். எழுத்து தெரிந்தவள் செய்தியில் மூழ்கிவிடுவாள் என்று கைநாட்டுகளாகப் பார்த்து எடுத்தார்கள். நாத்தனார் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். அவளுக்கு வேறு போக்கு இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சளாக ஒரு கட்டம் வந்தது. படம் கிடையாது, எழுத்து மட்டும். எல்லோரும் தொட்டோம். அவள் விரல் மட்டும் நின்றது.

“ஏன்டி, கட்டம் சுடுதா?” என்றேன்.

“விரல் மரத்துப் போச்சு அண்ணி. நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

நாலு நாள் அந்தக் கட்டம் வந்தது. நாலு நாளும் என் விரலை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் ஒரு தாளோடு வந்தார். விளம்பரங்களை வாங்கித் தளங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கம்பெனி, கள்ள விரல்களைப் பிடிக்க விரித்த வலையாம் அது.

“‘இது விளம்பரம் இல்லை, தொடாதீர்கள்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். படிக்கத் தெரிஞ்ச எவனும் தொடமாட்டான். நீங்க ஈ மாதிரி மொய்ச்சிருக்கீங்க!”

“அப்போ அந்தத் தளத்தை மூடிடுவாங்களா?” என்றாள் ஒருத்தி.

“கோடிப் பேர் வர்ற இடத்தை எவன் மூடுவான்? நீங்க தொட்டதை மட்டும் கழிச்சுட்டு, முந்நூத்தி எண்பது போனை முடக்கிட்டான்.” நாத்தனார் பக்கம் திரும்பினார். “உன் இருபது மட்டும் எப்படித் தப்பிச்சது? இந்தா, இதை வாசி.”

அவள் என்னைப் பார்த்தாள். தெரியாது என்று சொன்னால், போன் முடங்கிய எங்களோடு அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தடுமாறாமல் வாசித்தாள். இனி புதிதாக வரும் பெண்களுக்கு எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் வேலை அவளுக்கு. மற்ற பத்தொன்பது பேரையும் அன்றே அனுப்பிவிட்டார்கள்.

படிக்கட்டு வரை பின்னாலேயே ஓடி வந்தாள். “சொல்லியிருந்தா அன்னைக்கே என்னைத் துரத்தியிருப்பாங்க அண்ணி.”

“என் காதோட சொல்லியிருக்கலாமே. உன் ரகசியத்தை நான் யார்கிட்டடி சொன்னேன்?”

அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

அவள் வேலைக்குப் போனதும் தினமும் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் புருஷனைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து மருந்து போடுகிறேன். அவள் திரும்புவதற்குள் கிளம்பிவிடுவேன்.

“இன்னும் எத்தனை நாளைக்குக்கா இந்தக் கோபம்?” என்று நேற்றுகூடக் கேட்டார்.

“பேசாம அந்தப் பக்கம் திரும்புங்க தம்பி. மணியாகுது, அவ வந்துடுவா.”