கருப்பம்மாவின் நூறு அடி

கேள்வி கேட்கக் கூலி உண்டென்றால் கருப்பம்மா என்றைக்கோ பங்களா கட்டியிருப்பார். இலங்கைத் தோட்டத்திலிருந்து இளம்பெண்ணாக நீலகிரி மலைக்கு வந்து இறங்கியவர். பஸ் டிரைவரிடம் பிரேக் எங்கே இருக்கிறது என்பார். ஊசி போடும் நர்ஸிடம் மருந்து எந்த வழியாகப் போகும் என்பார். கட்டபெட்டில் என் பக்கத்து வீட்டை அவர் வாங்கப் போகிறார் என்றதும், என் நிம்மதி போச்சு என்றுதான் நினைத்தேன்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. அவர் வேலை பார்த்த எஸ்டேட்டை மூடி, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இலை விற்ற காசு பறிக்கிற கூலிக்கே கட்டாமல், சிறு தேயிலை விவசாயியான லிங்கசாமி தன் தோட்டத்து மூலையில் இருந்த ஓட்டு வீட்டை விற்க முன்வந்தார். அது கைவிட்டுப் போனால் கருப்பம்மாவுக்கு வேறு இடமில்லை.

மேல் எல்லைக் கல்லிலிருந்து கீழே நூறு அடி என்றது பத்திரம். கீழ்க்கல் மண்சரிவில் எப்போதோ புதைந்துவிட்டது. கருப்பம்மா நூறு அடிக் கயிற்றைச் சரிவுத் தரையோடு இழுத்துப் பார்த்தார். அது சமையல்கட்டு வாசலிலேயே தீர்ந்துபோனது. அடுப்பு அடுத்தவர் நிலத்தில்! அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடுப்பில்லாத ஊட்டை நான் எப்படீங்க விக்கறது?" என்று லிங்கசாமியும் கையைப் பிசைந்தார்.

மறுநாள் சர்வேயர் தினகரன் வந்தார். டேப்பைத் தரையில் போடாமல் அந்தரத்தில் மட்டமாகப் பிடித்தார். நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொட்ட இடத்தில் குச்சி நட்டு, அங்கிருந்து மறுபடி அளந்தார்.

"ஏன் சார் தூக்கிப் புடிக்கிறீங்க?" என்றார் கருப்பம்மா.

"மலைச்சரிவா இருந்தாலும் மட்டத்துலதானுங்கம்மா அளக்கோணும். பத்திரத்துல இருக்கறது மட்டத்து அளவு. தரையில கயிறு போட்டா சீக்கிரம் தீந்துபோகுமுங்க."

நூறாவது அடி சமையல்கட்டைத் தாண்டிக் கொய்யா மரத்தடியில் விழுந்தது. தோண்டினால், கல்! கருப்பம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எனக்கும்தான்.

டேப்பைச் சுருட்டும்போது அடுத்த கேள்வி வந்தது.

"எஸ்டேட் ஏக்கரும் மட்டத்துலதான் சார் அளந்திருப்பாங்க?"

"எல்லா நெலமும் அப்படித்தானுங்க."

"ஏக்கர் கணக்குலதான் எங்களுக்குக் களை வெட்டக் கூலி குடுத்தாங்க. நா அதைவிட நீளமான சரிவுலல்ல வெட்டினேன்? அந்த மிச்சத்தை யாரு சார் அளந்தா?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.