பாசிக்கஞ்சியும் நெருப்புக்காய்ச்சலும்

யுத்தகாலத்தில் கடற்பாசியை வைத்துக் கிருமி வளர்த்த கதையைச் சொல்லச் சொல்லி எங்காவது கூப்பிடுவார்கள். மருத்துவ மாணவர்களுக்கு அது பிடிக்கும். மின்சாரம் இல்லை, எல்லாவற்றுக்கும் தடை, ஆனாலும் எங்கள் ஆட்கள் சமாளித்தார்கள் என்று முடித்தால் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்குகிறவள் நான்தான், அவர்களைக் கோபித்து என்ன பயன்? மிச்சப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

நோயாளியின் இரத்தமோ சளியோ எது வந்தாலும், அதில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்கு மடங்கும் என்று கண்டுபிடித்துச் சொல்கிற மருத்துவர் நான். எண்பத்துமூன்று கலவரத்தின்போது கொழும்பை விட்டு, போட்ட உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினேன். நெருப்புக்காய்ச்சல் என்கிற தைபொயிட்டைப் பற்றி அங்கே தொடங்கிய ஆராய்ச்சியெல்லாம் குடியிருந்த வீட்டோடு எரிந்துபோயிற்று. யாழ்ப்பாணத்தில் அதையே திரும்பவும் தொடங்கினேன். தொண்ணூறில் மின்சாரம் போனது. அதற்குப் பிறகு ஆராய்ச்சி என்ற சொல்லே எங்கள் ஆய்வுகூடத்தில் பகிடியாகிவிட்டது.

நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து, அதன் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்ப்போம். மப்பு நாளில் ஒன்றும் தெரியாது. நல்ல வெயில் நாளில் குண்டு போடப் பொம்மர் வரும். கிருமி வளரத் தேவையான சூட்டுக்கு ஒரு மரப்பெட்டிக்குள் ஜாம் போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என்னோடு வேலை செய்தவர் ஒரேயொரு தொழினுட்பவியலாளர். நான் அவரை அண்ணை என்பேன். திரியை ஏற்றுவதா இறக்குவதா என்று எனக்கும் அவருக்கும் நாள் தவறாமல் சண்டை நடக்கும்.

நெருப்புக்காய்ச்சலைப் பிடிக்க வேண்டுமென்றால், நோயாளியின் இரத்தத்தை மாட்டுப் பித்தத்தில் விட்டு ஊறவைத்து, பிறகு ஏகார் என்கிற கட்டிக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தடவி வளர்க்க வேண்டும். பித்தத்துக்குக் குறைவில்லை, இறைச்சிக்கடையில் கிடைத்தது. முட்டைகூட ஏறாத சைவ வீட்டில் பிறந்த நான் சைக்கிள் ஹாண்டிலில் பித்தப்போத்தலைக் கொழுவிக்கொண்டு வருவதைக் கண்ட சொந்தக்காரர் ஒருவர், "டொக்டருக்குப் படிச்சது உதுக்கோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம், உதுக்குத்தான்," என்றேன். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

ஏகார்தான் தீர்ந்துபோயிற்று. அது வெளியிலிருந்து வர வேண்டிய பொருள். எது வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானித்தவர்களுக்கு அந்த வெள்ளைத் தூள் வெடிமருந்தாகத் தெரிந்ததோ என்னவோ, வரவேயில்லை. ஆனால் அதைச் செய்வதே கடற்பாசியில்தான். எங்கள் கடனீரேரியில் அந்தப் பாசி சும்மா கிடந்தது.

பாசி அள்ளிக் காயவைத்துத் தரக்கூடிய ஆளாக வந்து சேர்ந்தவர் குருநகர் அக்கா. கடலுக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. கடல் கொண்டதா நேவி கொண்டதா என்று அவருக்கே தெரியாது. ஷெல்லடிக்குக் குருநகரை விட்டு எழும்பி, பத்து வயது மகளோடு கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார். அங்கிருந்து காலையில் நடந்து கரைக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று பாசி அள்ளி, உப்புப் போகக் கழுவி, வெள்ளையாகும்வரை வெயிலில் வெளுக்கப்போட்டு உரப்பையில் கட்டிக் கொண்டுவருவார். நாங்கள் அதைக் காய்ச்சி, துணியில் வடித்து, தட்டில் ஊற்றி ஆறவிடுவோம். கொஞ்சம் தளதளவென்றுதான் இறுகும். ஆனாலும் கிருமி அதில் வளர்ந்தது.

"இதைக் கஞ்சியாக் காய்ச்சிச் சீனி போட்டுக் குடிச்சுப் பாருங்கோ டொக்டர். காய்ச்சல் சூட்டுக்கு நல்லது. எங்கடை ஆக்கள் எல்லாரும் குடிக்கிறது," என்று ஒருநாள் சொன்னார்.

"நாங்கள் குடிக்கிறேல்லை அக்கா. கிருமிக்குக் குடுத்து வளக்கிறம்."

"கிருமிக்கும் கஞ்சியோ!" என்று அவர் சிரித்த சிரிப்பில் அண்ணையும் சிரித்துவிட்டார். நான் விளங்கப்படுத்தவில்லை. வேலை கிடந்தது.

மாரி பிறந்த கையோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்தது. மகளைப் படுக்கவைக்க வாங்குப் பலகை போட்ட மாட்டுவண்டியில் அக்கா ஏற்றிக்கொண்டு வந்தார். வருமுன் ஒரு கிழமைக்கு மேலாகக் காய்ச்சல் இருந்திருக்கிறது. வார்டில் வழக்கமான மருந்தைத் தொடங்கினார்கள். இரத்தம் எங்களிடம் வந்தது. பித்தத்தில் ஊறவைத்தோம். அக்கா கொண்டுவந்த பாசியில் செய்த தட்டில் தடவி விளக்குப் பெட்டிக்குள் வைத்தோம். அந்த முறை திரியைப் பற்றி யாரும் சண்டை பிடிக்கவில்லை.

வளர்ந்தது நெருப்புக்காய்ச்சல் கிருமிதான். மருந்தில் தோய்த்த ஒற்றுத்தாள் பொட்டுகளை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வட்டமாக வெளிக்கும். வார்டில் கொடுத்துக்கொண்டிருந்த மருந்தின் பொட்டைச் சுற்றி வட்டமே இல்லை, விளிம்புவரை கிருமி மண்டிக் கிடந்தது. அந்தப் பிள்ளைக்கு இத்தனை நாளும் கொடுத்தது தண்ணீருக்குச் சமம்.

அந்தக் கிருமி மடங்கக்கூடிய மருந்து வேறொன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. வார்டு டொக்டர் எல்லாப் பார்மசிக்கும் ஆள் விட்டார். தேடட்டும் என்று நான் அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டிலருகில் நிலத்தில் இருந்து மகளின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நல்ல செய்தி எதுவும் என் கையில் இல்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"அக்கா, என்ன வருத்தமெண்டு பிடிச்சிட்டம். வேறை மருந்து தேடுகினம். நீங்கள் கொண்டந்த பாசியிலைதான் கிருமி வளந்தது. அது இல்லாட்டி ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

நன்றியாகத்தான் சொன்னேன். அவர் மகளின் காலைப் போர்வைக்குள் விட்டார். பிறகு, "எங்கடை பாசியிலையோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாவகச்சேரியில் ஒரு கடையில் அந்த மருந்தில் கொஞ்சம் குளிசை கிடைத்தது. அது வந்து சேர்ந்தபோது பிள்ளையின் குடல் ஓட்டையாகிவிட்டது. சத்திரசிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு பாசி வரவில்லை. துக்க வீடுதானே என்று நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் அண்ணை கொக்குவில் பக்கம் போய்விட்டு வந்து, சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே சொன்னார். "அந்த மனுசி காயவைச்ச பாசி முழுக்கக் கொளுத்திப்போட்டுது டொக்டர். பாசிக்குள்ளைதான் கிருமி இருந்ததாம். பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கினதிலையிருந்து பாசிக்கஞ்சிதானாம் குடுத்தது. தானே நஞ்சு வைச்சுக் கொண்டுபோட்டன் எண்டு மாதா கோயில் சுவாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்ததாம். நீங்கள்தான் சொன்னீங்களாம்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இப்படியும் ஒரு விளக்கம் இருக்குமா என்று அண்ணையிடம் கத்தினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பாசியில் கிருமி வளர்ந்தது என்று சொன்னது நான். அதே பாசியைக் காய்ச்சி மகளுக்குப் பருக்கியது அவர். இதற்குமேல் அவர் எதை விளங்கிக்கொள்ள வேண்டும்?

வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று தோன்றியது. எங்கள் கையில் மிச்சமிருந்த பாசியைக் காய்ச்சி, ஒன்றும் தடவாமல் அந்த விளக்குப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். பளிங்குபோல அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்தேன். அவ்வளவு சனத்துக்கும் அது ஒன்றுதான் கிணறு. மலசலகூடக் குழியை அதற்குப் பக்கத்திலேயே வெட்டியிருந்தார்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், குழியில் விட்டது கிணற்றுக்கு வர அதிக காலம் செல்லாது. அந்தத் தண்ணீரைக் கிருமி வளர்க்கிற சாறு ஊற்றிய கண்ணாடிக் குழாய்களில் விட்டபோது எல்லாம் நுரைத்துக் கலங்கின, மலக்கிருமி இருந்தால் அப்படித்தான் ஆகும். அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களில் இன்னும் சிலரின் இரத்தத்திலும் பிள்ளைக்கு வந்த அதே கிருமி வளர்ந்தது. அவர்கள் யாரும் பாசி தின்றவர்கள் இல்லை. நெருப்புக்காய்ச்சல் பற்றி என் வாழ்க்கையில் நான் செய்த ஆராய்ச்சிகளில் இவ்வளவு அவசரமாக ஒன்றையும் செய்ததில்லை. ஒரு மனுசியின் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

கிணற்றை மூடச் சொல்லி அறிவித்துவிட்டு, தட்டையும் குழாய்களையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா வகுப்பறைச் சுவரோடு சாய்ந்து இருந்தார். முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது உங்கடை பாசி, காய்ச்சினது, பாருங்கோ, ஒண்டும் இல்லை. காய்ச்சினால் எந்தக் கிருமியும் தப்பாது. பிள்ளைக்கு நீங்கள் குடுத்ததிலை சுத்தமானது அந்தக் கஞ்சிதான். கிருமியை நாங்கள்தான் பிள்ளையின்ரை இரத்தத்திலையிருந்து எடுத்து இதிலை வளத்தனாங்கள். வருத்தம் வந்தது கிணத்துத் தண்ணியாலை.

அவர் பொறுமையாகக் கேட்டார். தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த முறை விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு உள்ளே ஒரு ஆறுதல் வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பெருமைகூட வந்தது.

"அப்ப பாசி இல்லை," என்றார்.

"இல்லை அக்கா."

"தண்ணிதான்."

"ஓம். தண்ணிதான்."

தட்டைத் துணியில் திரும்பவும் கவனமாகச் சுற்றி என் கையில் தந்தார்.

"விறகு கிடைக்காது டொக்டர். தண்ணி கொதிக்க வைக்கிறேல்லை. தண்ணி விடாய்க்குது அம்மா எண்டு அவள் கேக்கிற நேரமெல்லாம் அந்தக் கிணத்திலை அள்ளிக் குடுத்ததும் நான்தானே."