எலப்புள்ளியில் இறங்காத விமானம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கோயம்புத்தூர் விமான டிக்கெட் ஆபீசைத் திறந்துகொண்டிருந்தேன். பாலக்காட்டு பஸ் கண்டக்டர் வந்து வாசலிலேயே நின்றார். "உங்க சுப்பண்ணன் நேத்து சாயங்காலம் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாங்க. டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க" என்றார். வேலையை அடுத்தவரிடம் விட்டுவிட்டு அதே பஸ்ஸில் எலப்புள்ளிக்குக் கிளம்பினேன்.

சுப்பராயன் என்ற சுப்பண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கு முன் எங்களுடையது ஒரு சிறிய விமானக் கம்பெனி. எந்த ஊருக்கு விமானம் விட்டால் ஆள் ஏறும் என்று அலைந்து பார்த்துச் சொல்வது அவர் வேலை. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரனான நான் மானேஜரின் ஸ்டெனோ. மதுரைக்கு விமானம் விட்டால் ஏலக்காய் வியாபாரிகள் வருவார்களா என்று அறிய ஒருமுறை அவரோடு வண்டன்மேட்டு ஏலத்துக்குப் போனேன். ஒவ்வொருவரிடமும், "பிளேன்ல போவீங்களா?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "மெய்யாலுமே போவீங்களா?" என்றார். இரண்டாம் முறை தயங்கியவர்களின் பெயரை அடித்துவிட்டார். "காலி சீட்டுக்கும் பெட்ரோல் ஊத்தணுமுங்க சாமி" என்று என்னிடம் சொன்னார்.

அவருக்கென்று ஓர் ஆசை இருந்தது. எட்டுப் பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்று கம்பெனியில் இருந்தது. அதைப் பாலக்காட்டில் இறக்கிவிட வேண்டும். கணவாய்க் காற்று வீசும் போக்கிலேயே பக்கத்தில் நீளமாகக் கிடந்த தன் ஊர் எலப்புள்ளித் தரிசைக் காட்டினார். பைலட் வந்து பார்த்து, கிழக்கு முனையில் நிற்கும் பனைகள் போனால் இறங்கலாம் என்றார். தரை தயாரானால்தான் டைரக்டர்களிடம் பேச முடியும் என்றார் மானேஜர். பனைகள் சுப்பண்ணனின் தங்கை கணவர் சின்னச்சாமியுடையவை. அந்தக் குடும்பம் அவற்றை நம்பித்தான் இருந்தது.

சுப்பண்ணன் போய்ச் சின்னச்சாமியிடம் கேட்டாராம். அவர், "மச்சான், நீங்க சொன்னா வெட்டிப்போடறனுங்க. பிளேன் வருமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். வரும் என்று இவர் சொல்லிவிட்டார். "ஊரையெல்லாம் ரெண்டு தடவ கேக்கறவன், என்னைய நானே ஒருக்காக் கூடக் கேட்டுக்கலைங்க" என்று பின்னால் பலமுறை என்னிடம் வருந்தினார்.

அவருடைய அறிக்கையை நான்தான் டைப் செய்தேன். பாலக்காட்டில் நாளுக்கு ஐந்து பேர் ஏறுவார்கள் என்று எழுதியிருந்தார். "எட்டுன்னு போட்டுடலாமே. யார் வந்து எண்ணப் போறா?" என்றேன். "இல்லாத ஆளுக்கு எப்படிங்க டிக்கெட் கிழிக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சென்னையில் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு வகை விமானம் வைத்தால் இரண்டு வகை உதிரிப் பாகம், இரண்டு வகை மெக்கானிக் வேண்டும். இனி பெரிய டக்கோட்டா விமானம் மட்டும்தான் என்றார் ஒரு டைரக்டர். "இருபத்தோரு சீட்டுக்கு உம்ம அஞ்சு பேர் எந்த மூலைக்கு? கோயம்புத்தூர் வேற பக்கத்திலேயே இருக்கு" என்றார். அந்த ஐந்து சுப்பண்ணன் தாமே எண்ணிச் சொன்னது.

பனைகள் போய்விட்டதால் சின்னச்சாமி மலைமேல் சித்திரபுரத்துக்கு மின்சார நிலையம் கட்டும் வேலைக்குக் கூலியாகப் போனார். இரண்டாவது மழையில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். சுப்பண்ணன் அந்தத் தரையில் பனங்கொட்டை ஊன்றினார். விமானத்துக்காக ரோலர் ஓட்டிக் கெட்டித்த மண்ணில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை; முளைத்தவற்றை ஆடு தின்றது. வெட்டிய பனைகளுக்கு நஷ்டஈடு கேட்டு, அரசாங்கத்தின் புதிய விமான ஆபீசுக்கு மனு எழுதினார். பாலக்காடு இப்போது வேறு மாநிலம், அங்கே எழுதவும் என்று பதில் வந்தது. அங்கேயும் எழுதினார். பதிலே வரவில்லை.

செவ்வாயன்று அவர் தங்கை வள்ளியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "எங்கண்ணன் கடைசி வரைக்கும் எம் மூஞ்சியப் பாத்துப் பேசலைங்க. நா ஒரு நாளும் ஒரு வார்த்த கேட்டதில்லைங்க சாமி. கேட்டிருந்தாலாச்சும் பேசியிருப்பாரோ என்னமோ" என்றார்.

அவரை அறிந்த உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அந்தச் சிறிய விமானத்தை விற்பதற்கான கடிதம் போய்விட்டது. ரகசியம் என்று தலைப்பிட்டு அதை டைப் செய்தவன் நான். தாளை மெஷினிலிருந்து உருவும்போது சுப்பண்ணன் மேஜையருகே வந்தார். "பனை வெட்ட ஆளு வந்தாச்சுங்க சாமி. ஊருக்குப் போயிட்டு நாளைக்கு வந்தர்றேன்" என்றார். தாளைக் கவிழ்த்து வைத்தேன். "போய்ட்டு வாங்கோ" என்றேன். இதை அவரிடம் எப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஆறு வருஷம் இருந்தேன். அன்று சந்தோஷமாகத் திரும்பிப் படியிறங்கிய அவர் முகம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது.