ஏழு பீங்கான்களும் ஒரு கலத்தின் படமும்: கல்முனையிலிருந்து பொத்துவில் வரை

1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு நான் மேற்கொண்ட பயணத்திற்குக் காரணம், என் மூத்த சகோதரி சுபைதா ராத்தாவின் கையெழுத்து. ஒரு வருட காலத்துக்குள் அவருடைய கடிதங்களில் எழுத்துகள் படிப்படியாகச் சிறுத்து, கடைசிக் கடிதத்தில் எறும்பு வரிசையாகிவிட்டிருந்தன. எட்டாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனினும் அகராதியைத் துணைகொண்டு ஆங்கில விஞ்ஞானக் கட்டுரைகளை வாசித்து விளங்கும் வல்லமையை நானே தேடிப் பெற்றேன். கையெழுத்துச் சிறுப்பது நடுக்கவாதத்தின் அறிகுறியாகலாம் என்பதை அவ்வாறே அறிந்திருந்தேன். மாதம் ஒரு முறை கல்முனைக்கு வரும் நரம்பு வைத்தியர் அந்த வியாழக்கிழமை வரவிருந்தார். இரு தடவை எழுதியும் ராத்தா வர மறுத்திருந்தார். எப்படியும் அழைத்து வருவதென்று செவ்வாய்க்கிழமை காலை 6.45க்குப் பஸ் ஏறினேன்.

அக்கரைப்பற்று வரை ஒன்பது ரூபாய். அங்கே வேறு பஸ்ஸில் மாறி, பொத்துவில் வரை பதினேழு ரூபாய். தூரம் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர். காரைதீவு, நிந்தவூர் வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. திருக்கோவிலைக் கடந்ததும் வீடுகள் அருகிப் பற்றைக்காடு தொடங்கியது. அக்காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பயணிகள் அனைவரும் இறங்கிப் பையுடன் நடந்து, மறுபுறத்தில் மீண்டும் ஏறவேண்டும்.

கோமாரிக்கு முன்னுள்ள சாவடியில் என் குறிப்புக் கொப்பி அகப்பட்டது. ராத்தாவுக்கு விளக்குவதற்காக மனித உடலின் கலமொன்றை, அதாவது உயிரணுவை, அதில் வரைந்திருந்தேன்: பெரிய வட்டம், நடுவில் சிறிய வட்டம், வெளிப்புறம் நிறையப் புள்ளிகள். அதிகாரி சிங்களத்தில் ஏதோ வினவினார். கண்டக்டர் என்னையும் ராத்தா என்றே விளித்து மொழிபெயர்த்தார்.

“ராத்தா, இது எந்த முகாமுட படமெண்டு கேக்காரு.”

“இது முகாமன்று. மனித உடலின் ஒரு கலம்.”

“அப்ப சுத்திவர இரிக்கிற புள்ளியெல்லாம்?”

“எக்சோசோம் எனப்படும் நுண்குமிழிகள். கலம் தனக்கு வேண்டாதவற்றைப் பொதிந்து வெளியே எறியும் குப்பை.”

கண்டக்டர் நீண்ட விளக்கத்தை ஒரே சொல்லில் முடித்தார். அதிகாரி சிரித்துக் கொப்பியைத் திருப்பித் தந்தார். குப்பை என்பதே அன்று நான் வாசித்திருந்த கட்டுரைகளின் முடிபு. அதை நான் ஐயமின்றி நம்பினேன்.

முற்பகல் 11.20க்குப் பொத்துவில். ராத்தா கதவைத் திறந்தபோது வலக்கையை முந்தானைக்குள் மறைத்திருந்தார். தேநீரை இடக்கையால் தந்தார். குசினி அலுமாரியில் ஏழு பீங்கான் தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன, ஒன்றேனும் அவருடையதன்று. அவ்வூரில் அயல் வீட்டிலிருந்து பீங்கானில் பண்டம் வந்தால், அதை வெறுமையாகத் திருப்புவதில்லை. ராத்தாவால் இடியப்பம் பிழியவோ தேங்காய் துருவவோ இயலாமற்போனதும் பீங்கான்கள் அப்படியே தங்கிவிட்டன. பக்கத்து வீட்டுக் கதீஜா, “சுபைதாக்குப் பெரும புடிச்சிட்டு” என்று சொல்லி, வீட்டுக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்.

நான் பீங்கான்களைக் கழுவி எடுத்து, இப்போதே கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

“வெறும் பீங்கானோட படி இறங்கினியெண்டா ஒனக்கும் எனக்கும் இனிக் கதையில்ல” என்றார் ராத்தா.

அன்று மாலை கொப்பியை விரித்து, முதுமையில் கலங்கள் எவ்வாறு தளர்கின்றன, நோய் எவ்வாறு பிறக்கிறது என்று முறையாக விளக்கினேன். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை என்பதே என் வாதம்.

“புத்தகம் மாதிரிக் கதைக்காதகா. இந்தப் புள்ளி என்ன?”

“கலம் பொதிந்து அனுப்பும் குப்பை.”

“பொதி கட்டி அனுப்புற சாமான ஆருகா குப்பையெண்டு செல்லுவா? குப்பையெண்டா அள்ளி வீசுறதுதானே. அது எங்க போற? பக்கத்து ஊட்டுக்கா?”

“எங்கும் போகாது” என்றேன், சற்றுக் கடுமையாகவே. வைத்தியரிடம் வருவீர்களா என்று கேட்டதற்கு, “கை ஆடுறத ஊரெல்லாம் காட்டிக்கிட்டு பஸ்ஸுல வரச் செல்லுறியா?” என்று திரும்பிப் படுத்தார்.

மறுநாள் விடியலில் வேறு வழி தோன்றாமல் தேங்காய் துருவினேன். அரிசிமாப் பிட்டு அவித்து, ஏழு பீங்கான்களிலும் வைத்து மூடினேன். அவற்றில் ஆறை உரிய வீடுகளில் நானே கொடுத்துவந்தேன். ஏழாவதை ராத்தா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “கதீஜாட ஊட்டுக்கு நான்தான் போகணும்.”

வேலி வரை பதினைந்து அடி. மூடியும் பீங்கானும் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஒலிக்க, பிட்டு உதிர உதிர நடந்தார். நான் உதவப் போகவில்லை; போயிருந்தால் திரும்பியிருப்பார். சத்தத்துக்கு வெளியே வந்த கதீஜா முதலில் பீங்கானைப் பார்த்தார், பின்னர் கையைப் பார்த்தார்.

“இதுக்காகா என்னோட ஒரு வருசமாக் கதைக்கல்ல?”

“நீதானே என்னப் பெருமக்காரி எண்டாய்.”

“இன்னமும் பெருமக்காரிதான். அரவாசிப் பிட்ட மண்ணுக்குக் குடுத்துட்டு வந்து நிக்காய்.” அவர் பீங்கானையும் அதைப் பிடித்திருந்த கையையும் சேர்த்தே பற்றிக்கொண்டார். “கல்முனைக்கு எப்ப போற? நானும் வாறன். ஜன்னல் சீட்டு எனக்கு.”

வியாழன் காலை ஆறு மணி பஸ்ஸில் மூவரும் சென்றோம். ஜன்னலோரம் கதீஜா, நடுவில் ராத்தா. அவருடைய வலக்கை பயணம் முழுவதும் கதீஜாவின் மடியில், எவரும் காணும்படி கிடந்தது. வைத்தியர் நடுக்கவாதமே என்று உறுதிசெய்து மருந்து எழுதினார். அது நோயைக் குணமாக்கவில்லை. குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் ராத்தா மேலும் பல ஆண்டுகள் தாமே மாக்குழைத்து இடியப்பம் பிழிந்தார்.

இப்பயணத்தை எண்ணியிருப்போருக்கு: சாவடிகள் நீங்கிவிட்டதால் இன்று இரண்டு மணி நேரம் போதும். தெற்கே போகும்போது இடப்பக்கம் அமருங்கள். சில இடங்களில் கடல் தெரியும். அறுகம்பே வரை போகிறவர்கள் பொத்துவிலில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்கலாம். வெயிலுக்கு முன் புறப்படுங்கள். எந்த வீட்டிலேனும் பீங்கானில் பண்டம் தந்தால், கழுவி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழமாவது வையுங்கள்.

என் அறிவைப் பற்றியும் ஒரு திருத்தம். எக்சோசோம்கள் வெறும் குப்பையல்ல என்று பின்னர் வாசித்தேன். ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு அவை செய்தி சுமக்கின்றன. முதிர்ந்த கலம் அனுப்புவது அயற்கலத்தையும் முதுமைக்குள் இழுக்கக்கூடும். வேறு சில பழுதைச் சீராக்க உதவக்கூடும். நடுக்கவாதத்துடன் தொடர்புடைய புரதமும் அவற்றினுள் காணப்பட்டிருக்கிறது. ஆய்வுகள் இன்னும் முடியவில்லை. ஆயினும் நான் ஐயமின்றிச் சொன்னது பிழை. ராத்தா கேட்டதே சரியான கேள்வி.

அதைக் கேட்க ராத்தா இன்றில்லை. ஆகவே சென்ற மாதம் பழைய கொப்பியுடன் பொத்துவிலுக்குப் போய்ப் படத்தைக் காட்டிக் கதீஜாவிடம் சொன்னேன்: அந்தப் பொதி பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறதாம்.

“ஓங்கா, பின்ன எங்க போற?” என்றவர், நான் கொண்டுபோன பீங்கானின் மூடியைத் திறந்து பார்த்தார்.