தரவரிசை ஏறும்போது

திங்கட்கிழமை பின்னேரம் வருவதே குகனேஸ்வரிக்குப் பிடிக்காது. இத்தாலியின் பலேர்மோ நகரில், வேலை செய்யும் வீட்டில், சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் முதிய அம்மாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே ஏப்ரன் பைக்குள் போன் அதிரும். எடுத்துப் பார்க்க மாட்டாள். பார்க்காமலே தெரியும், கணவர் சிவபாலன் அனுப்பியதுதான். அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்போல் அணிகளின் அந்த வாரத் தரவரிசை, முதல் இருபத்தைந்து இடங்கள். அதில் ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருப்பார்.

அந்த அணியில்தான் அவர்களுடைய மகன் தனேஸ் பந்தெறிகிறான். ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி. பெப்ரவரியில் பருவம் தொடங்கியபோது பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. முதல் வாரம் ஒரு பெரிய கல்லூரியைத் தோற்கடித்தார்கள், இருபத்தோராம் இடம் கிடைத்தது. அடுத்த வாரம் பதினைந்து.

பலாரோ சந்தையடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் றமேஸ், அவள் கறிவேப்பிலை வாங்கப் போனபோது கடைக்குள்ளிருந்தே கத்தினான்.

"அக்கா! உங்கட மகன் இப்ப அமெரிக்காவிலை பதினைஞ்சாம் பிள்ளை. இஞ்சை படிக்கேக்கை கடைசியிலையிருந்துதானே எண்ணுறது?"

"உன்ர வாய் சும்மா கிடக்காதோ?"

"பத்துக்குள்ளை வரட்டும். கடைக்கு வாற எல்லாருக்கும் றோல்ஸ் சும்மா குடுக்கிறன். அண்ணையிட்டைச் சொல்லுங்கோ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கறிவேப்பிலையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்குப் பந்துக்குத்தான் பயம். மற்றவர்களுக்கு இடம் ஏறினால் சந்தோசம். ஏற ஏற எதிரே மட்டையோடு நிற்பவன் இன்னும் பலமாக அடிப்பான் என்பதுதான் அவளுடைய கணக்கு. பதினைந்தாம் இடத்துக்கு வந்தவர்கள் அடுத்ததாகப் பதினான்காம் இடத்தவர்களோடு மோத வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரோடு விளையாட்டு என்பது போன வருடமே முடிவாகிவிட்டது, தரவரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மகள் துசானி பலமுறை சொல்லிவிட்டாள்.

"ஐயோ, மம்மா! அது சும்மா ஆக்கள் வோட் போட்டு எழுதுறது."

"வோட் போடுறவைக்குத் தெரியாமலோ போடுகினம்?"

பலேர்மோவுக்கு வந்தபோது குகனேஸ்வரிக்கு இருபத்திரண்டு வயது. அப்போதிருந்து மற்றவர்களுடைய வீடுகளில்தான் வேலை. மூன்று முதிய சிஞ்ஞோராக்களைக் கடைசி வரை பார்த்திருக்கிறாள். இப்போது இருப்பவர் நான்காவது. யாருக்கு எப்போது மூச்சு மாறும் என்று கண்டுபிடிக்கும் காது அவளுக்கு. ஆனால் பிள்ளைகள் விசயத்தில் அந்தக் காது அவளைத் தூங்க விடாது. தனேஸ் சின்ன வயதில் கடலோரத்து ஃபோரோ இத்தாலிக்கோ புல்வெளியில் கிரிக்கெட் விளையாடும்போது ஒரு கண்ணைக் கடலிலும் மறு கண்ணைப் பந்திலும் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருப்பாள். எல்லைக்கோட்டிலிருந்து அவன் எறிந்த பந்து விக்கெட் காப்பவனின் கையில் நேராக விழுந்ததைப் பார்த்துத்தான் ஒரு இத்தாலியப் பயிற்சியாளர் அவனைப் பேஸ்போலுக்கு அழைத்துக்கொண்டு போனார். பிறகு வடக்கே ஒரு பயிற்சி முகாம். பிறகு அமெரிக்கா. பாதிப் படிப்புச் செலவைக் கல்லூரி ஏற்றது. வருடா வருடம் அதைப் புதுப்பிப்பார்கள். பந்தெறியாதவனுக்குப் புதுப்பிக்க மாட்டார்கள்.

இரண்டாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்தார்கள். தனேஸ் அன்று எறியவில்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கேலப் என்ற பையன்தான் நடுவிலிருந்த மண்மேட்டில் நின்று எறிந்துகொண்டிருந்தான். மட்டைக்காரன் அடித்த பந்து வந்த வழியே திரும்பிப் போய்க் கேலப்பின் தாடையில் பட்டது. பச்சைத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் முழங்கால் மடிந்து விழுந்தான். சிவபாலன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அவன்ர தாய் பாத்துக்கொண்டிருப்பாளோ?" என்று மட்டும் குகனேஸ்வரி கேட்டாள்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு அரைநாள் ஓய்வு. மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்குப் பஸ் எடுத்துப் போனாள். காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு இந்த ஊர்த் தமிழர் எல்லோரும் போவார்கள், சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமெல்லாம் கிடையாது. பிள்ளைக்கு வேலை கிடைக்கவும், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி வரவும், கட்டி கரையவும் அங்கேதான் நேர்த்தி. கண்ணாடிக்குள் சாய்ந்து கிடக்கும் அம்மாள் சிலையின் முன்னால் மெழுகுதிரியை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற இத்தாலியப் பெண்ணுக்குக் கேட்காமல் தமிழில் சொன்னாள்:

"அவனைப் போடாமல் விடட்டும் தாயே. அவனை அந்த மேட்டிலை ஏத்தாமல் விட்டால், நான் அடிவாரத்திலையிருந்து செருப்பில்லாமல் ஏறி வாறன்."

அந்த வாரக் கடைசியில் மூன்று ஆட்டங்கள். மூன்றிலும் தனேஸின் பெயர் இல்லை. அணி மூன்றையும் வென்றது.

திங்கட்கிழமை போன் அதிர்ந்தது. ஒன்பதாம் இடம்.

றமேஸ் சொன்ன சொல் மாறாமல் றோல்ஸ் தட்டை வெளியே கொண்டுவந்து வைத்தான். பங்களாதேசிகளும் சந்தை வியாபாரிகளும்கூட எதற்கென்று தெரியாமல் எடுத்துச் சாப்பிட்டார்கள். சிவபாலன் வேலை செய்யும் உணவகத்தின் சமையல்காரரையே அழைத்துக்கொண்டு வந்திருந்தார். குகனேஸ்வரி கடித்த றோல்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாள் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். எப்படிக் கொடுத்தாள் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நல்ல கையோடு இருப்பவனை ஏன் போடாமல் விடுவார்கள்? தன்னுடைய வாயாலேயே பிள்ளையின் கையை முறித்துவிட்டேனோ?

நேர்த்தியை நிறைவேற்ற வேண்டும். மலையேறினால், பிள்ளையின் கை போனதற்கு நன்றி சொன்ன மாதிரி. ஏறாவிட்டால், அம்மாளை ஏமாற்றிய மாதிரி. வியாழக்கிழமை வந்தும் அவள் போகவில்லை. செருப்புகள் வாசலில் கிடந்தன. அவற்றைப் பார்க்காமல் நடந்தாள்.

போனில் தனேஸ், "ஒண்டுமில்லை அம்மா, எல்லாருக்கும் மாறி மாறித்தான் குடுக்கிறது," என்றான். நன்றாகச் சிரித்துச் சிரித்துக் கதைத்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கொன்றது. ஊரிலிருந்து யாராவது அப்படிச் சிரித்துக் கதைத்தால் அங்கே ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை சிஞ்ஞோரா மதியத் தூக்கத்துக்குப் போனதும் பல்கனியில் நின்று வீடியோவில் அழைத்தாள். அங்கே காலை.

"கையைக் காட்டு."

"என்னம்மா?"

"வலக்கையைத் தூக்கிக் காட்டு. சேர்ட்டைக் கழட்டு."

"அம்மா, நான் லைப்ரரியிலை நிக்கிறன்!"

"வெளியிலை போய்க் கழட்டு. இல்லாட்டி நான் இப்பவே உன்ர கோச்சுக்கு இத்தாலியனிலை போன் எடுப்பன்."

அவன் வெளியே வந்தான். பனிக்குளிரில் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கி, மடக்கி, சுழற்றிக் காட்டினான். கட்டில்லை, தழும்பில்லை, வீக்கமில்லை.

"நோகுதோ?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா அம்மா."

"அப்ப ஏன் உன்னைப் போடேல்லை?"

அவன் போனை விட்டு வேறெங்கோ பார்த்தான். சட்டையைப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

"நான்தான் முழங்கை நோகுதெண்டு சொன்னனான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் தொடர்ந்தான். "கேலப் இன்னும் ஸ்ட்ரோவாலைதான் குடிக்கிறான். ஒரே அறை அம்மா. ராவிலை அவன் முனகிறது கேக்கும். பயிற்சியிலை நான் எறிஞ்சு முடிக்க முன்னமே முகம் தானாத் திரும்புது. அதாலை பொய் சொன்னனான். வாற புதன்கிழமை ஸ்கானுக்கு அனுப்புகினம். அதிலை ஒண்டும் இருக்காதெல்லே. எல்லாருக்கும் தெரிஞ்சிடும்." கழற்றிய சட்டையைக் கையில் சுருட்டினான். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. அம்மா... நான் வந்திடட்டோ?"

இந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனையோ நாள் காத்திருந்தாள். வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். பந்து கிடையாது, மேடு கிடையாது, திங்கட்கிழமைகளும் கிடையாது. நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. கீழே வியா லிபெர்த்தா வீதியில் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போயிற்று. அது மறைந்ததும் போனைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"வாறதெண்டா வா அப்பன். நான் வேண்டாமெண்டு சொல்ல மாட்டன். ஆனா பொய் சொல்லிப்போட்டு வராதை. உன்ர கோச்சிட்டைப் போய்ப் பயமெண்டு சொல்லிப்போட்டு வா."

"சிரிப்பினம்."

"சிரிக்கட்டன். நானும் பயந்துதான் கிடக்கிறன். உன்னைப் போடக்கூடாதெண்டு ரொசாலியா அம்மாளுக்கு நேர்ந்து வச்சிருக்கிறன்."

அவன் வாயைப் பிளந்தான். "எங்கட ரீமுக்கு எதிராவோ?"

"ரீமுக்கு எதிரா இல்லை. உன்னை மட்டும்."

"அம்மா, ஒன்பதாம் இடத்து ரீமுக்கு எதிரா நேர்ந்த ஒரே மனிசி நீங்கள்தான்," என்று சொல்லி அவன் சிரித்தான். இந்த முறை சிரிப்பு முழுதாக வரவில்லை, பாதியில் அழுகையாகி மூக்கை உறிஞ்சினான். அவள் சட்டையைப் போடச் சொன்னாள்.

சனிக்கிழமை அவன் எழுதிய செய்தியை அவள் குளியலறைக்குள் நின்று வாசித்தாள். கோச்சிடம் எல்லாம் சொல்லிவிட்டான். அவர் ஆட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தாராம். பிறகு, செவ்வாய்க்கிழமை சின்ன அணியோடு ஆட்டம் இருக்கிறது, ஒரு இன்னிங்ஸ் போட்டுப் பார்ப்போம், முடியாவிட்டால் கையைத் தூக்கு, அந்த நிமிடமே எடுத்துவிடுகிறேன் என்றாராம். 'அதுக்குப் பிறகு?' என்று அவள் கேட்டெழுதினாள். 'அதுக்குப் பிறகு என்னை வச்சிருக்கிறதோ எண்டது தனக்கும் தெரியாதாம்' என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை அவள் மலையேறினாள். கேட்டது கிடைத்தது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். பழைய கல்வழி குளிர்ந்து கிடந்தது. பாதி வழியில் குதிக்கால் வெடித்து இரத்தம் கசிந்தது. கூட வந்த சிவபாலன் சப்பாத்தோடு முன்னால் நடந்து, அவளுடைய வெறுங்காலைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'என்ர மனிசி ரீம் முதலாம் இடத்துக்கு வர நேர்த்தி.' கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. குகைக்குள் போனதும் இனி என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையாவது கேட்டால் அம்மாள் கொடுத்துவிடுவாளோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அங்கே மதிய ஆட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து இருத்தியிருந்தார்கள். பலேர்மோவில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. துசானி கணினியை டிவியில் இணைத்தாள். சிவபாலன் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தார்.

"இது சும்மா பிள்ளைப்பூச்சி ரீம். பட்டியலிலையே இல்லை," என்றார்.

"பட்டியலிலை இல்லாதவன் அடிச்சாலும் பந்து பந்துதானே?" என்றாள் குகனேஸ்வரி.

ஆறாவது இன்னிங்ஸில் தனேஸ் ஓடிவந்து மேட்டில் ஏறினான். முதலாவது ஆளுக்கு நான்கு பந்தும் வெளியே போயின. அந்த ஆள் அடிக்காமலே, விதிப்படி நடந்து முதல் தளத்துக்குப் போனான். சிவபாலன் உச்சுக் கொட்டினார். இரண்டாவது ஆள் உயரத் தூக்கி அடித்துப் பிடிகொடுத்தான். மூன்றாவது ஆள் நேராக மேட்டை நோக்கி அடித்தான்.

குகனேஸ்வரி பந்தைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தாள். கையுறையால் தலையை மூடிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தான். பந்து அவன் நின்ற இடத்தைக் கடந்து பின்னால் உருண்டது. முதல் தளத்தில் நின்றவன் மூன்றாவது தளத்துக்கு ஓடினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அது சிரிப்பா என்று தெரியவில்லை.

"என்ன இவன், பிடிக்கிறதை விட்டிட்டுப் படுக்கிறான்!" சிவபாலன் தொடையில் அடித்தார். "ஒன்பதாம் இடத்து ரீமிலை நிண்டு..."

"பப்பா, பஸ்தா, போதும்!" என்றாள் துசானி.

தனேஸ் எழுந்தான். முட்டியிலிருந்த மண்ணைத் தட்டினான். கோச் மைதான ஓரத்துப் படிக்கட்டுக்கு வந்து நின்று அவனையே பார்த்தார். குகனேஸ்வரி அவனுடைய வலக்கையைப் பார்த்தாள். அது தொடையோடு ஒட்டிக் கிடந்தது. தூக்கு என்று அவளுடைய நெஞ்சு சொன்னது. தூக்கினால் வந்துவிடுவான். உடனேயே, தூக்காதே என்றும் சொன்னது. இரண்டில் எது தன் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. மலைக்கோயிலில் ஒன்றும் கேட்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று.

"ஏன் நிக்கிறான்? எறியன்ரா!" என்று சிவபாலன் கத்தினார்.

"சும்மா இருங்கோப்பா. அவன் பயந்துபோய் நிக்கிறான்," என்றாள் குகனேஸ்வரி.

சிவபாலன் திரும்பி அவளைப் பார்த்தார். "பயமோ? ஆருக்கு?"

அவள் கண் டிவியிலேயே இருந்தது. அங்கே தனேஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான், திரும்பவும் போட்டான். கோச்சைப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை. காலை உயர்த்தி எறிந்தான். எறிந்த கையோடு முகம் கொஞ்சம் திரும்பியதை அவள் கண்டாள். மட்டைக்காரன் வீசினான். படவில்லை.

குகனேஸ்வரிக்கு மூச்சு வந்தது. சிவபாலன் டிவியை விட்டுவிட்டு இன்னமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பந்துக்காகத் தனேஸ் கையுறையை நீட்டினான்.