முழங்கையில் ஓர் அனுமதியில்லாக் கட்டடம்

அந்தத் தெருவிலேயே பால்கனியை அடைத்து அறையாக்காத வீடு டெல்லி ஜனக்புரி வைத்தியின் வீடு ஒன்றுதான். கட்டட அனுமதி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அனுமதியில்லாத சுவரை அஸ்திவாரத்திலேயே இடித்துவிட வேண்டும் என்பது மனுஷனின் வேதம். சமையலறையைப் பால்கனி வரை நீட்டித் தரும்படி மனைவி வத்சலா குடிவந்த நாளாகக் கேட்டுப் பார்த்தாள். "ஊரை இடிச்சவன் ஆத்துலயே கட்டறதா?" என்பார்.

போன குளிர்காலத்தில் அந்தச் சமையலறைப் பொந்துக்குள் அவள் அப்பளம் பொரிக்கும்போது, வெந்நீர் வைக்க நுழைந்தார் வைத்தி. திரும்ப இடமில்லை. தோள் இடித்து, வாணலி எண்ணெய் அவர் வலது கையில் கவிழ்ந்தது.

புண் ஆறிற்று, முழங்கைதான் மடங்கவில்லை. மெதுவாக அசைக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். மெதுவாகச் செய்தால் அது வைத்தியா? நல்லெண்ணெயைத் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் வெடுக்கென்று இழுப்பார். வீக்கம்தான் மிச்சம்.

டாக்டர் சுஷ்மா கரோல் பாக்கில் வளர்ந்த தமிழ்ப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டினாள்.

"தீக்காயத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும் அங்கிள். தசைக்குள்ள கால்சியம் படிஞ்சு புதுசா எலும்பு வளருது. நீங்க இழுத்த இழுப்புல இன்னும் மோசமாயிருக்கலாம்."

"அப்போ ஜல்தி வெட்டி எடுத்துடும்மா. ஆரம்பத்துலயே இடிச்சுடணும்."

"இப்ப எடுத்தா திரும்ப வளரலாம். முழுசா முத்தட்டும். பல மாசம் ஆகும். அப்புறம் ஆபரேஷன் பண்ணலாம்."

கட்டி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதா? வைத்திக்குத் தூக்கமே போயிற்று. அதைவிடக் கொடுமை சாப்பாட்டு வேளை. ரசஞ்சாதத்தை அள்ளினால் கை மார்போடு நின்றுவிடும், வாய்க்கு எட்டாது. இடது கையால் சாப்பிட மனசு ஒப்பவில்லை. ஒருத்தர் ஊட்டிவிடுவதா என்று வீம்பாகப் பட்டினி கிடந்தார். கடைசியில் வயிறு ஜெயித்தது. வத்சலா சாதத்தை உருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பார்த்துப் பால்கனியில் செங்கல் இறங்கும் சத்தம். கொத்தனார் அர்விந்த் நூல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வத்சு, யாரைக் கேட்டு..." என்று வைத்தி வாயைத் திறந்தார். திறந்த வாயில் உருண்டையை வைத்தாள் வத்சலா.

"முழுசா கட்டி முடிக்கட்டும். அப்புறம் இடிச்சுக்கலாம்."

வைத்தி மென்றார். பசி, வேறென்ன செய்வார்.